அறையையும் கொஞ்சம் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் வீட்டுக்கு எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று ஒரு முழுப் பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். ஆறு ஜோடி ஸ்பீக்கர், ஆறு விலை, ஒன்றுக்குப் பேஸ் என்கிற கீழ்ஸ்தாயி ஒலியின் ஆழம், இன்னொன்றுக்குக் குரல் தெளிவு என்று ஆளுக்கொரு நற்சான்றிதழ், கடைசியில் தடிமனான செப்புக் கேபிள் வாங்கச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தி. எல்லாம் சரி, எழுதியவர் இந்த ஆறு ஜோடியையும் எந்த அறையில் வைத்துக் கேட்டார்? அது எத்தனை அடி நீளம், அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? கட்டுரையில் தேடிப் பார்த்தேன், அறை என்ற சொல்லே இல்லை. கடையில் தேனாகக் கேட்ட பெட்டி வீட்டுக்கு வந்ததும் ஏன் கும் கும் என்று முழங்குகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான், அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவை பீளமேட்டில் மாடி போர்ஷனில் குடியிருக்கிறோம். ஹால் 15-க்கு 10, கூரை உயரம் 10 அடி. செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, கான்கிரீட் தளம், தரையில் வழுவழு டைல்ஸ், அதாவது நம் ஊரில் பத்துக்கு எட்டு வீடு எப்படியோ அப்படி. நாலு வருஷம் முன்னால் ஆறரை அங்குல ஊஃபர், அதாவது பேஸ் ஒலிக்கான பெரிய கூம்பு, வைத்த ஒரு ஜோடி ஸ்பீக்கரும் அதை ஓட்ட ஒரு ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கினேன். மெல்லிசைப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் கேட்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பித்து. ஆனால் இந்த ஹாலில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் படியிறங்கி வரும்போது ஒரே ஒரு படியில் மட்டும் தொம்மென்று குதிப்பார். மற்ற சுரங்கள் இருக்கிற இடம் தெரியாது, அந்த ஒரு சுரம் வந்தால் ஜன்னல் கிரில்லில் தொங்கும் திரைவளையம் வரை கிணுகிணுக்கும். ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்குக் கீழ் வீட்டு ஓனர் படியேறி வந்து, “ஏனுங்க, இந்நேரத்துல கிரைண்டரா ஓட்டறீங்க?” என்று கேட்டார். கிரைண்டர் செய்கிற ஊரில் இருந்துகொண்டு ஒருவர் அப்படிக் கேட்டால் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்யும்.

வாங்கிய கடையில் போய்ச் சொன்னால் ஆம்ப் போதாது, அடுத்த மாடலுக்குப் போங்க என்றார்கள். போனேன். கிரில் இன்னும் நன்றாக அதிர்ந்தது. அப்புறம் ஸ்டாண்டு. அதன் பிறகு கேபிள். மொத்தம் எவ்வளவு செலவு என்று இங்கே எழுத மாட்டேன், வீட்டில் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

விஷயம் பிளஸ் ஒன் பௌதிகம்தான். ஆய்வகத்தில் ஒத்ததிர்வுத் தம்பம் என்று ஒரு கருவி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? இசைக்கவையைத் தட்டிக் குழாய் வாயில் பிடித்துக்கொண்டு நீர் மட்டத்தை ஏற்றி இறக்கினால், ஒரு குறிப்பிட்ட நீளத்தில் மட்டும் திடீரென்று சத்தம் பெரிதாகும். நம் ஹாலும் அப்படி ஒரு குழாய்தான், மூன்று திசையிலும் மூடிய குழாய். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே, முன்னும் பின்னும் போகும் ஒலி சேர்ந்து, நகராமல் ஒரே இடத்தில் ஆடும் நிலை அலை நிற்கும். ஒலியின் வேகத்தை இரண்டு மடங்கு நீளத்தால் வகுத்தால் எந்த அதிர்வெண் என்று வந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி வேகம் வினாடிக்குச் சுமார் 348 மீட்டர், என் ஹாலின் அகலம் 3.05 மீட்டர், வகுத்தால் 57 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 57 அதிர்வு. கூரை உயரமும் அதே 10 அடி, அதற்கும் 57. இரண்டு ஒத்ததிர்வு ஒரே இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 15 அடி நீளத்துக்கு 38, அதன் இரட்டிப்பு 76. பேஸ் கிட்டாரில் ‘ஏ’ சுரம் 55 ஹெர்ட்ஸ், அடுத்த ‘ஏ ஷார்ப்’ 58. குதித்த படி எது என்று தெரிந்துவிட்டது. இந்தக் கணக்கைப் போட ஒரு பென்சிலும் டேப்பும் போதும், நான் அதைப் போடாமல் ஆம்ப் மாற்றினேன்.

அமெரிக்காவில் மரச்சட்டத்தில் அட்டை மாதிரி ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள்தான் அதிகம், அவை தாமே அதிர்ந்து கீழ்ஸ்தாயி ஒலியைக் கொஞ்சம் விழுங்கிவிடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எதையும் விழுங்காது, வந்ததை வந்தபடி திருப்பி அனுப்பும். ஆகவே அந்த ஊர் விமர்சனத்தைப் படித்துவிட்டு இங்கே வாங்கினால் பேஸ் எப்போதும் ஒரு கைப்பிடி கூடத்தான் இருக்கும். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் போகுமா என்று கேட்பார்கள். போகாது. 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 20 அடி, ஒன்றரை அங்குல அட்டை அதற்கு ஒரு கொசு.

இங்கேதான் மென்பொருள் வருகிறது. ரூம் ஈக்யூ விசார்ட் என்று ஜான் மல்கஹி எழுதிய ஒரு இலவச மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதோடு அளக்கிற மைக் ஒன்று வேண்டும். போனில் இருக்கும் மைக் இதற்குப் பத்தாது, அது பேச்சுக்காகச் செய்தது, கீழ்ஸ்தாயியில் அது என்ன காட்டுகிறதோ அதை நம்ப முடியாது. மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 என்ற யூஎஸ்பி மைக்கை நான் வாங்கினேன், பத்தாயிரம் ரூபாயை ஒட்டி ஆனது. ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு வரிசை எண், அந்த எண்ணைக் கொடுத்தால் அந்த ஒரு மைக்குக்கு மட்டுமான திருத்தக் கோப்பு இணையத்தில் கிடைக்கும். தராசுக்கு முத்திரை போட்டுத் தருகிற மாதிரி.

அளக்கும் முறை வேடிக்கையானது. கணினி 20 ஹெர்ட்ஸில் உறுமலாக ஆரம்பித்து 20,000 வரை ஒரே இழுப்பாக ஊளையிட்டு ஏறும், மைக் அதைக் கேட்கும், கேட்டதிலிருந்து அறை என்ன செய்தது என்று கணக்குப் போட்டு ஒரு வரைபடமாகக் காட்டும். அந்தப் பத்து வினாடிக்கு வீடு அமைதியாக இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். முதல் தடவை ஃபேனை நிறுத்த மறந்துவிட்டேன். இரண்டாம் தடவை குக்கர் விசில். மூன்றாம் தடவை ஊளை மேலே ஏறியதும் ஓனர் வீட்டு நாயும் கூடவே ஊளையிட்டது, அது எந்த ஹெர்ட்ஸில் என்று வரைபடத்தில் தெளிவாகவே தெரிந்தது. கடைசியில் அவர்கள் மருதமலைக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு மதியம் ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வியர்த்து ஊற்ற அளந்து முடித்தேன்.

திரையில் வந்ததைப் பார்த்ததும் ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. 57-இல் ஒரு மலை, அக்கம்பக்கத்தைவிட 13 டெசிபல் உயரம் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு). 76-இல் ஒரு சின்ன மலை. 140-ஐத் தாண்டி ஒரு பள்ளம். ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கராக இருந்தாலும் ஒரு லட்ச ரூபாய் ஸ்பீக்கராக இருந்தாலும் அந்த மூலையில் வைத்தால் அந்த மலை அங்கேதான் இருந்திருக்கும்.

மலையை வெட்டுவது சுலபம். விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்று இன்னொரு இலவச மென்பொருள் இருக்கிறது, கணினியிலிருந்து போகும் ஏறக்குறைய எல்லா ஒலியையும் அது வழிமறித்துத் திருத்தி அனுப்பும். எந்த அதிர்வெண், எத்தனை டெசிபல் குறைக்க வேண்டும், எவ்வளவு அகலத்துக்கு என்று மூன்றே எண். அந்த எண்களையும் ரூம் ஈக்யூ விசார்டே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். 57-இல் 10 டெசிபல் வெட்டினேன், 76-இல் 4. பாட்டைப் போட்டேன். அதே பாட்டு, அதே பெட்டி, பேஸ் கிட்டார்காரர் படிப்படியாக இறங்கி வந்தார். எங்கும் குதிக்கவில்லை. கீழ்ஸ்தாயியில் மலையை வெட்டினால் சத்தம் மட்டுமல்ல, அந்தச் சுரம் அறையில் இழுத்துக்கொண்டே நிற்பதும் குறையும், அதனால் மிருதங்கத்தின் தொப்பியில் விழுகிற ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. முன்பெல்லாம் ஒரு அடியின் வால் அடுத்த அடியின் மேல் ஏறிக்கொண்டிருக்கும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மலையை வெட்டியாயிற்று, பள்ளத்தை நிரப்பினால் என்ன என்று தோன்றியது. 143 ஹெர்ட்ஸ் பக்கம் 9 டெசிபல் ஏற்றினேன். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஆம்ப் இரண்டு மடங்கு சக்தி தள்ள வேண்டும், 9 என்றால் எட்டு மடங்கு. பள்ளம் கொஞ்சமும் அசையவில்லை, ஆனால் கொஞ்சம் சத்தம் கூட்டி வைத்ததும் அந்த இடம் வரும்போதெல்லாம் குரல் கரகரத்தது. பிறகு யோசித்தால் காரணம் ரொம்பச் சாதாரணம். ஸ்பீக்கரின் முகம் பின்சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருந்தது, சுவரில் பட்டுத் திரும்பும் அலை அரை அலைநீளம் பிந்தி வந்து நேர் அலையைத் தின்றுவிடுகிறது. நான் எட்டு மடங்கு அனுப்பினால் சுவரும் எட்டு மடங்கு திருப்பி அனுப்பும். ஓட்டைக் குடம். அதைச் சரிசெய்தது மென்பொருள் இல்லை, பெட்டியைச் சுவரை ஒட்டித் தள்ளி வைத்த என் முழங்கால்தான். தள்ளியதும் பள்ளம் மேலே நகர்ந்து ஆழமும் குறைந்துபோனது. சுவரை ஒட்டினால் பேஸ் மொத்தமாகக் கொஞ்சம் கூடும், அதை வெட்டிக்கொள்ளலாம், வெட்டுவதற்குத்தான் செலவே இல்லையே.

அடுத்த தவறு இதைவிடப் பெரிது. 20-இலிருந்து 20,000 வரை கோட்டை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக்கச் சொல்லி மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டேன். வரைபடம் அழகோ அழகு. கேட்டால் பித்தளைத் தட்டைக் கரண்டியால் சுரண்டுவது போல இருந்தது, ‘ச’ வரும் இடமெல்லாம் காதில் ஊசி. இதையும் பெரியவர்கள் முன்பே ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்திலும் அப்புறம் ஹார்மன் நிறுவனத்திலும் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர் எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் திரை மறைவில் வைத்து ஆட்களைக் கேட்க வைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். நேர் முன்னால் சமமாக ஒலிக்கிற நல்ல ஸ்பீக்கரை ஒரு சாதாரண அறையில் வைத்தால், உட்காரும் இடத்தில் கோடு கீழ்ஸ்தாயியிலிருந்து மேல்ஸ்தாயிக்கு மெல்லச் சரிந்துதான் இருக்கும், அந்தச் சரிவுதான் காதுக்கும் இதம். நான் அந்தச் சரிவையே நிமிர்த்திவிட்டேன். இன்னொன்று, 250, 300 ஹெர்ட்ஸுக்கு மேலே அறை தனித்தனி மலைகளாக நடந்துகொள்வதில்லை, தலையை ஒரு சாண் நகர்த்தினால் வரைபடமே வேறு. ஷ்ரோடர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் பெயரில் இந்த எல்லைக்கு ஒரு சூத்திரம் உண்டு, என் ஹாலுக்கு 270 சொச்சம் வந்தது. இப்போது 300-க்கு மேல் எதையும் தொடுவதில்லை. டைல்ஸ் தரையில் கைதட்டினால் கிர்ரென்று வரும் எதிரொலியை எந்த மென்பொருளும் எடுக்காது, அதற்கு ஒரு ஜமக்காளமும் கனத்த திரையும்தான்.

சரி, நான் எழுத வந்த முக்கியமான இடம் இனிமேல்தான். எல்லாம் சரிசெய்துவிட்டு என் மூலையில், அதாவது எல் வடிவ சோபாவின் மூலையில், நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நடுவில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரி, “என்ன பண்ணி வெச்சீங்க, பாட்டு சப்புனு ஆயிடுச்சே” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. மைக்கை எடுத்து அவள் இடத்தில் வைத்து அளந்தேன். அவள் சொன்னதுதான் சரி. அகலவாட்டில் நிற்கும் அலைக்குச் சுவரோரம் அழுத்தம் அதிகம், நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நாலு வருஷமாக என்னை வாட்டிய மலை மூன்று நாலு அடி தள்ளி உட்கார்ந்த அவளுக்குப் பெரும்பாலும் கேட்டதே இல்லை, ‘எனக்கு நல்லாத்தானே கேட்குது’ என்று அவள் சொன்ன போதெல்லாம் பாட்டில் அக்கறை இல்லாமல் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அவள் இடத்தில் இல்லவே இல்லாத ஒரு மலையை நான் 10 டெசிபல் வெட்டியிருக்கிறேன், அங்கே பள்ளம் விழாமல் என்ன செய்யும்?

அறைத் திருத்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, மைக் வைத்த நாற்காலிக்குத்தான் அது திருத்தம். ஆகவேதான் விலை அதிகமான முறைகளும் ஒரே இடத்தில் அளப்பதில்லை. ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் வரும் ஆடிஸி என்ற திருத்த முறை ஆனாலும், ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து வரும் டிராக் ஆனாலும், மைக்கைப் பல இடத்தில் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லும். சோனோஸ் என்ற ஸ்பீக்கர் நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த முறையில் ஐபோனைக் கையில் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே அறையைச் சுற்றி நடக்க வேண்டும், பார்க்கிறவர்களுக்கு வீட்டுக்குத் திருஷ்டி கழிக்கிற மாதிரி இருக்கும். நானும் மூலை, நடு, ஓரம் என்று மூன்று இடத்திலும் தலா மூன்று தடவை அளந்து சராசரி எடுத்து, 57-இல் 6 டெசிபல் மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன். எனக்கு இன்னும் கொஞ்சம் முழங்குகிறது. அவளுக்குக் கொஞ்சம் குறைகிறது. இருவரும் ராஜியாகிவிட்டோம். அவள் ஊருக்குப் போயிருக்கும் நாட்களுக்கென்று தனியாக ஒரு கோப்பு வைத்திருப்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. இடத்தை மாற்றி உட்கார்ந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஃபேன் காற்று மூலைக்குத்தான் வரும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். எந்த இடத்திலாவது ஏற்றினால், ஏற்றிய அளவுக்கு மொத்த அளவைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கணினிக்குள்ளேயே ஒலி முட்டிக்கொண்டு கரகரக்கும். ஏற்றவே வேண்டாம் என்பது என் கட்சி. அப்புறம், எஃப்ஐஆர் ஃபில்டர் என்று இன்னும் நுணுக்கமான வகை உண்டு, காலத்தாமதம் வரை திருத்தும், ஆனால் கீழ்ஸ்தாயி வரை நுணுக்கமாகத் திருத்தப் போனால் ஒலி பிந்தும், பாட்டுக்குப் பரவாயில்லை, டிவியில் உதடு அசைந்த பிறகு வசனம் வரும். கணினி இல்லாமல் வேண்டுமென்றால் ராஸ்பெர்ரி பை என்ற சின்னப் பலகையில் கமிலாடிஎஸ்பி என்ற இலவச மென்பொருளை ஏற்றலாம். என் தம்பி மகன் ஒரு மாலையில் போட்டுக் கொடுத்தான், இப்போது பழைய லேப்டாப் ஹாலில் கிடப்பதில்லை, வீட்டில் இதற்குத்தான் அதிகப் பாராட்டு.

நல்ல ஸ்பீக்கரே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மேல்ஸ்தாயிக்கான சின்னக் கூம்பு, அதாவது ட்வீட்டர், உடைந்திருந்தால் அதையும் அட்டைப் பெட்டி ஊஃபரையும் மென்பொருள் தேற்றாது, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே போக முடியாத பெட்டியை 30-க்கு இறங்கு என்று விரட்டினால் ஊஃபர்தான் கிழியும். ஆனால் 60,000 ரூபாய்ப் பெட்டியை விட்டுவிட்டு 1,20,000 ரூபாய்ப் பெட்டிக்குப் போகிறவர் அதற்கு முன் பத்தாயிரத்தை மைக்குக்குச் செலவழித்து ஒரு ஞாயிறு மதியம் வியர்த்தால் என்ன குறைந்துவிடும்? மைக்கை நண்பர்களுக்குள் கைமாற்றிக்கொள்ளவும் செய்யலாம், என்னுடையது இதுவரை நாலு வீடு பார்த்துவிட்டது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த தடவை ஸ்பீக்கர் விமர்சனம் போடும்போது கேட்ட அறையின் நீளம் அகலம் உயரம், பெட்டி சுவரிலிருந்து எத்தனை அடி, கேட்டவர் எங்கே உட்கார்ந்தார், இந்த மூன்றையும் ஒரு வரியில் போடுங்கள். முடிந்தால் உட்கார்ந்த இடத்தில் எடுத்த வரைபடத்தையும் ஒரு தபால்தலை அளவுக்காவது அச்சிடுங்கள். கேபிளுக்கு ஒதுக்கிய பெட்டிச் செய்தி அளவு இடம் போதும்.

கிரைண்டரா என்று கேட்ட ஓனர் இப்போதெல்லாம் மாடியேறி வருவதில்லை. போன வாரம் வாசலில் பார்த்தபோது என்ன மாயம் செய்தீர்கள் என்று விசாரித்துவிட்டு, மகன் பெரிய ஹோம் தியேட்டர் வாங்கப்போகிறான், புது வீட்டு ஹாலையும் வந்து அளந்து கொடுங்கள் என்றார். ஹால் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டேன். வாஸ்துப்படி பார்த்துப் பார்த்துக் கட்டியதாம், சரியாக 20-க்கு 20, உயரம் 10. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரும் ஞாயிறு மைக்கோடு போகிறேன், அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
பீளமேடு, கோவை.